அம்புக்குறி

பட்டரவாக்கத்தில் இறங்கி, கேட்டைத் தாண்டி
எண்ணெய் மில்லுக்குப் பின்னால் எங்கள் கம்பெனி.
உள்ளே இருபத்து நான்கு அங்குல வால்வு ஒன்று
மூன்று நாளாக மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது,
சாப்பிட்டு முடித்தும் பந்தியைவிட்டு எழாத ஆள் மாதிரி.

தண்ணீர் அடைத்து நூற்றைம்பது பார் ஏற்றி
கால்மணி நேரம் முள்ளையே பார்த்தோம்.
முள் அசையவில்லை. ரேடியோகிராபி பிலிமில்
ஒரு கொப்புளம்கூட இல்லை.
சான்றிதழில் என் கையெழுத்து காய்ந்துவிட்டது.
பாக்கி பெயின்ட். பெயின்ட்டுக்கு முன்னால்
ஒரே ஒரு கேள்வி:
அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

இரண்டு நாட்டு எல்லையில் பதிக்கிற வால்வு இது.
ஆளுக்குப் பாதி விலை, ஆளுக்கு ஓர் இன்ஸ்பெக்டர்.
தவ்லத் அண்ணா நகரில் தங்கினார், எர்க்கின் முகப்பேரில்.
ஒரே விமானத்தில் வந்தவர்கள்
இரண்டு டாக்சிக்கு ரசீது கொடுத்தார்கள்.
இரண்டு பேர் மண்ணுக்கடியிலும் எரிவாயு.
"காசிமேட்டுக்காரிக்கே மீன் விக்கிற கதை" என்றான் வேம்புலி,
கிரைண்டரை நிறுத்தாமல்.

அப்படியில்லையாம். வரைபடத்தை
என் மேஜைக் கண்ணாடிமேல் விரித்துக் காட்டினார்கள்.
ஒருவர் கிணறு தெற்கே, குளிரும் ஊர்கள் வடக்கே,
நடுவில் மலை. மலைக்கு அந்தப் பக்கம்
அடுத்தவர் குழாய், கைக்கெட்டும் தூரத்தில்.
அங்கே வாங்கி இங்கே கொடுப்பது.
குளிரில் ஒரு திசை, கோடையில் மறு திசை.
கூடவே சிமென்ட், வெங்காயம், மின்சாரம்,
லாரி லாரியாக உலர்ந்த ஆப்ரிகாட்.
கணக்கு டாலரில். பேச்சு
இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது மொழியில்.

இந்த ரக வால்வுக்கு அம்பே தேவையில்லை,
இரு பக்கமும் தாங்கும் என்றேன்.
இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டி மறுத்தார்கள்.
மூன்று நாளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

மதியம் கரன்ட் போனது. ஃபேன் நின்ற அமைதியில்
தவ்லத் எலுமிச்சை ஜூஸை வைத்துவிட்டுச் சொன்னார்:
"ஒரு ஜனவரியில், பாக்கித் தகராறில், குழாயை மூடினார்கள்.
ஒன்பது நாள். என் மகள் பூட்ஸோடு தூங்கினாள்."
எர்க்கின் வெகுநேரம்
டம்ளரில் மிதந்த விதையையே பார்த்தார்.
"அந்த இரவு ஷிப்ட் என்னுடையது" என்றார்.
"போன் வந்தது. திருப்பினேன். இறுகியிருந்தது.
இரண்டு பேர் சேர்ந்து திருப்பினோம்."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
கரன்ட் வந்ததும் கிரைண்டர் தானாகக் கத்தியது.
வேம்புலி ஓடிப்போய் அணைத்தான்.

எனக்குக் கொரட்டூரில் என் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது.
பிளாரன்ஸ் வீட்டு போரில் நல்ல தண்ணி,
என் வீட்டில் இன்வெர்ட்டர்.
ஹோஸ் இந்தப் பக்கம் வரும், ஒயர் அந்தப் பக்கம் போகும்.
போன மே மாதம், ஸ்கூட்டி நிறுத்துகிற இடத்துக்காக,
பதினோரு நாள் இரண்டும் இல்லை.
யார் முதலில் பிடுங்கியது என்று
இன்னும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் எண்ணூர் துறைமுகத்துக்குப் போகிற லாரி
வந்து நின்றுவிட்டது.
டிரைவர் காத்திருப்புக் கூலியை
மணிக்கொரு முறை சத்தமாகச் சொன்னார்.
இரண்டு தலைநகரிலும் போன் எடுக்க ஆளில்லை.
கடைசியில் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக்
கையெழுத்துப் போட்டார்கள்:
'திசை, பதிக்கும் இடத்தில் முடிவு செய்யப்படும்.'

வேம்புலி ஒரு தகரத்தின் நடுவே
அம்பு வடிவத்தில் ஓட்டை வெட்டினான்.
கையைக் கிழிக்காதபடி ஓரத்தை ராவினான்.
எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது அம்புதான்.
துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம்.
பேக்கிங் லிஸ்டில் பதினான்காவது வரி:
அம்பு. தகரம். ஒன்று.

மதிப்பு? என்று கேட்டது சுங்கப் படிவம்.
பூஜ்யம் போட்டால் திருப்பி அனுப்புவார்கள்.
கொஞ்ச நேரம் யோசித்து
நாற்பது ரூபாய் என்று போட்டேன்.